ஏர்பேக் விளக்கு அணையாத மோட்டார்ஹோம்: யாரிடம் கொண்டுபோவது?

படுக்கை, சமையல் வசதியோடு வீடுபோல் அமைத்த வேனான மோட்டார்ஹோமின் டாஷ்போர்டில் சிவப்பு ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றுவிட்டால், பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது “எவ்வளவு செலவாகும்?” என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: “கோளாறு எந்த மின்சுற்றில் இருக்கிறது என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்?” இதற்கு விடை கிடைத்தபின் பழுதுபார்ப்பு பெரும்பாலும் எளிதாகவே முடிகிறது. விடை தெரியாமல் பாகங்களை மாற்றத் தொடங்கினால் பணமும் போகும், விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும்.

இங்கே பிரிட்டனில் ஓடும் ஃபியட் டுகாட்டோ வேனை வைத்துப் பேசுகிறேன். ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பெரும்பகுதி அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. 2006-இல் வந்த தலைமுறையும், 2014-இல் முகம் மாறி வந்த அதன் தொடர்ச்சியும்தான் இன்று பழைய வண்டிச் சந்தையில் அதிகம் கைமாறுகின்றன. பியூஜோ பாக்ஸர், சிட்ரோயன் ரிலே இரண்டும் இத்தாலியின் அட்டெஸ்ஸா ஆலையில் அதனுடன் சேர்ந்து உருவானவை. ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் எந்த விளக்கு என்று பாருங்கள். பயணி பக்க ஏர்பேக்கை அணைத்து வைத்திருப்பதைக் காட்டும் மஞ்சள் விளக்கு தனி. குழந்தை இருக்கை வைப்பதற்காக முந்தைய உரிமையாளர் அதை அணைத்துவிட்டு மறந்திருக்கலாம். அது கோளாறு அல்ல, கையேட்டைப் பார்த்து மெனுவில் மாற்றிவிடலாம். சிவப்பு விளக்கு அப்படிப்பட்டதல்ல. சாவியைத் திருப்பியதும் அது சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அந்தச் சில விநாடிகளில் ஏர்பேக் கணினி தன் சுற்றுகளைச் சோதித்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஏர்பேக்கின் தீமூட்டியும் (மின்சாரம் பட்டதும் பற்றி ஏர்பேக்கை விரியவைக்கும் பாகம்) ஏறத்தாழ 2 ஓம் மின்தடை கொண்டது. ஏதோ ஒரு கனெக்டரில் பச்சை பூத்து அந்தத் தடை ஓரிரு ஓம் கூடினாலே போதும், கணினி அந்தச் சுற்றை நம்ப மறுத்து விளக்கை ஏற்றிவிடும். விளக்கு எரிவதால் ஏர்பேக்கே கெட்டுவிட்டது என்று பொருளில்லை. கோளாறு அனேகமாக அதற்குப் போகும் வழியில் இருக்கும்.

மோட்டார்ஹோமில் அந்த வழி, சாதாரண வேனில் இல்லாத பாடுகளைப் படுகிறது. முன் இருக்கைகள் சுழலும் தட்டின் மேல் நிற்கின்றன. வண்டியை நிறுத்தியதும் அவற்றைப் பின்பக்கம் திருப்பி மேசையோடு சேர்த்து உட்கார்வது வழக்கம். இருக்கைக்கு அடியில் போகும் கம்பிகள் ஒவ்வொரு திருப்பத்திலும் முறுக்கி இழுபடுகின்றன. டார்ச் விளக்கோடு மண்டியிட்டு அங்கே பார்த்தால், மாடலைப் பொறுத்து, மஞ்சள் நிறக் கனெக்டர் ஒன்றோ இரண்டோ தெரியும். பெல்ட்டை இறுக்கும் கருவிக்கோ பக்கவாட்டு ஏர்பேக்கிற்கோ போகும் இணைப்பு அது. அதன் பூட்டு நாக்கு பாதி விலகியிருக்கிறதா, கம்பியின் உறை தட்டின் விளிம்பில் உரசி வழுவழுப்பாகியிருக்கிறதா, இருக்கைக்கு அடியில் திணித்த காலணிப் பையோ, மின்கம்பிச் சுருளோ அதை அழுத்துகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். பார்ப்பது மட்டும்தான், கை வைக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

இரண்டாவது சந்தேகம் பேட்டரி. குளிர்காலம் முழுக்க வண்டி அசையாமல் நிற்கும். வசந்தத்தில் சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க, ஏர்பேக் கணினி “மின்னழுத்தம் போதாது” என்று ஒரு குறியீட்டைப் பதிந்துவிடும். பிறகு பேட்டரி முழுதாக ஏறினாலும், குறியீட்டை அழிக்கும்வரை சில வண்டிகளில் விளக்கு அணையாது. ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு அருகில் காட்டினால் நலம். 12.0-க்கு அருகில் என்றால், வேறு எதையும் தேடுமுன் அதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் சுருள் கேபிள். ஸ்டீயரிங் சுழலும்போதும் ஹாரனுக்கும் ஏர்பேக்கிற்கும் தொடர்பு அறாமல் வைத்திருக்கும் மெல்லிய நாடா அது. அது அறுபடத் தொடங்கினால் ஏர்பேக் விளக்கோடு சேர்ந்து ஹாரனோ, க்ரூஸ் கன்ட்ரோலோ, ஸ்டீயரிங்கில் உள்ள ரேடியோ பொத்தான்களோ முரண்டு பிடிக்கும். நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பும்போது விளக்கு வந்தால் ஐயம் ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

இனி வழிகளை எடைபோடுவோம். எதுவும் செய்யாமல் விடுவது பலர் உண்மையில் தேர்ந்தெடுக்கும் வழி என்பதால் அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். பிரிட்டனில் எம்ஓடி எனப்படும் ஆண்டுச் சோதனையில் இந்த விளக்கு கோளாறு காட்டினால் அது பெரிய குறைபாடு, வண்டி தோற்றுவிடும். மோட்டார்ஹோம் எத்தனை எடையானாலும் அதே நான்காம் வகுப்புச் சோதனைதான். அதற்கான உச்சக் கட்டணம் 54.85 பவுண்டு. ஆக, அடுத்த சோதனை நாள்வரைதான் இந்த வழி நீளும். அந்த இடைக்காலத்தில், மோதல் நேர்ந்தால் எந்த ஏர்பேக் விரியும், எது விரியாது என்று டாஷ்போர்டு சொல்லாது. கோளாறு உள்ள சுற்றை மட்டும் ஒதுக்கும் கணினிகளும் உண்டு, மொத்த அமைப்பையும் நிறுத்திவிடுபவையும் உண்டு. மூன்றரை டன் வண்டி, ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் நீண்ட பானட்டும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு குடும்பத்தோடு ஸ்காட்லாந்து வரை போவது எனக்கு ஏற்புடையதல்ல.

மலிவான குறியீட்டு வாசிப்பான் அடுத்தது. சில பத்துப் பவுண்டுக்குக் கிடைக்கும். கைபேசியோடு புளூடூத்தில் சேரும். வாங்கியவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். இவற்றில் பெரும்பாலானவை இன்ஜின் கணினியை மட்டுமே படிக்கும். ஏர்பேக் கோளாறுகள் B என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் உடற்பகுதிக் குறியீடுகள். வாசிப்பான் “கோளாறு எதுவும் இல்லை” என்று காட்டும், சிவப்பு விளக்கு எதிரிலேயே எரியும். வாங்குவதென்றால் பெட்டியின் மேல் ஏர்பேக் அமைப்பைப் படிக்கும் என்றும், குறிப்பாக ஃபியட் வேன்களுக்குப் பொருந்தும் என்றும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கார்ப் பட்டியலில் ஃபியட் இருப்பது மட்டும் போதாது.

டுகாட்டோ உரிமையாளர்கள் நீண்ட காலமாக நம்பியிருப்பது மல்டி இசியு ஸ்கேன் என்ற மென்பொருளை. மடிக்கணினி, அதற்கேற்ற இடைமுகக் கருவி, வண்டியின் ஆண்டைப் பொறுத்து நிற அடையாளமிட்ட இணைப்புக் கம்பி ஆகியவை வேண்டும். ஏர்பேக் கணினியோடு நேராகப் பேசி, “ஓட்டுநர் பக்க பெல்ட் இறுக்கி, மின்தடை அதிகம்” என்பதுபோல் சுற்றின் பெயரைச் சொல்லிவிடும். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற எல்லாச் செலவும். குறியீட்டை அழித்துப் பார்ப்பதிலும் சேதி இருக்கிறது. அழித்த நொடியே திரும்பி வந்தால் நிலையான அறுபாடு. நாட்கள் கழித்து, அதுவும் இருக்கையைச் சுழற்றிய பிறகு வந்தால், தளர்ந்த இணைப்பு. 2018-க்குப் பிறகு ஃபியட் குழுமத்தின் வாகனங்களில், வெளிக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பாதுகாப்பு வாயில் ஒன்று படிப்படியாகப் புகுத்தப்பட்டது. அது இருக்கும் வண்டியில் வெளிக் கருவியால் படிக்க முடிந்தாலும், பதிவு செய்த அனுமதியின்றி அழிக்க முடியாது. பழைய டுகாட்டோ வைத்திருப்பவர், கணினியோடு பழகியவர், அடுத்த பல ஆண்டுகளுக்கு இதே வண்டிதான் என்று முடிவு செய்தவர் ஆகியோருக்கு இது நல்ல முதலீடு. ஒரே ஒரு விளக்குக்காக மட்டும் வாங்குபவருக்கு அவ்வளவு லாபமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழி, வீட்டு வாசலுக்கே வரும் வாகன மின் தொழில்நுட்பர். ஏழு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள வண்டியைத் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு கராஜ் தேட வேண்டியதில்லை என்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம், இவர் விற்பது பாகத்தை அல்ல, கண்டுபிடிப்பை. கனெக்டரைச் சுத்தம் செய்து முடித்தாலும் அவருக்குக் கூலி வரும். ஆகவே கணினியை மாற்றச் சொல்லும் தூண்டுதல் குறைவு. தொலைபேசியில் அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்: ஏர்பேக் வேலை செய்வீர்களா? டுகாட்டோவின் ஏர்பேக் கணினியைப் படிக்கும் கருவி உங்களிடம் இருக்கிறதா? அந்த வேலைக்குக் காப்பீடு உண்டா? முதல் கேள்விக்கே சிலர் மறுத்துவிடுவார்கள். அந்த நேர்மையை மதியுங்கள், அடுத்தவரை அழையுங்கள்.

ஃபியட்டின் வணிக வாகன விற்பனையகம் இன்னொரு வழி. வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், நேராக அங்கே போங்கள். சாதாரண ஃபியட் கார் விற்பனையகத்தில் மோட்டார்ஹோம் கதவுக்குள்ளேயே நுழையாது, லிஃப்டும் தாங்காது. வேன்களுக்கான பட்டறை உள்ள இடத்தைத்தான் தேட வேண்டும். அங்கே கூலி மணிக்கு 100 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம், தேதிக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஏர்பேக் கணினியை மாற்றினால், அந்த வண்டியில் எந்தெந்த ஏர்பேக், எந்தெந்த பெல்ட் இறுக்கி இருக்கின்றன என்று புதிய கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஃபியட்காரர்கள் இதை ப்ராக்ஸி அலைன்மென்ட் என்கிறார்கள். முன்கூட்டை முழுவதும் மோட்டார்ஹோம் தயாரிப்பாளரே கட்டும் ஏ-கிளாஸ் வண்டிகளில் பயணி பக்க ஏர்பேக் இல்லாமலும் இருக்கலாம். சாதாரண வேனின் அமைப்பை அப்படியே ஏற்றினால், இல்லாத ஏர்பேக்கைக் கணினி தேடித் தேடி மறுபடியும் விளக்கை ஏற்றும். எனவே கணினி வேலை என்றால் அவர்களிடம் கொடுப்பது நல்லது.

மோட்டார்ஹோம் விற்ற கடைக்கே கொண்டுபோகலாமே என்று தோன்றும். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் குளிர்பெட்டி, எரிவாயு, ஈரக்கசிவு ஆகியவற்றில். ஓட்டும் பகுதியின் மின்சாரத்தை அவர்கள் பெரும்பாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒரு விலக்கு: சுழல் தட்டைப் பொருத்தியது அவர்களாக இருந்து, அதற்குப் பின்தான் விளக்கு வந்தது என்றால், அது அவர்கள் பொறுப்பு. இக்னிஷன் போட்டிருக்கும்போது மஞ்சள் கனெக்டரைக் கழற்றினாலே கணினி அதைக் கோளாறாகப் பதிந்துவிடும். இருக்கை பொருத்தும் இடங்களில் இது நடக்கக் கூடியதுதான்.

கோளாறு இருக்கைக்கடியில்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இன்னொரு முடிவு. கனெக்டரைச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டுவதா, புதிய கனெக்டர் போடுவதா, அதை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பிகளை நேராகச் சால்டர் வைப்பதா? கடைசி வழியைப் பல கராஜ்கள் விரும்புகின்றன, விளக்கும் அணைந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மஞ்சள் கனெக்டருக்குள் சின்ன உலோக நாக்கு ஒன்று உண்டு. கழற்றியதும் ஏர்பேக் பக்கத்து இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, உடலின் நிலைமின்சாரம் தீமூட்டியைத் தொடாமல் காப்பது அதன் வேலை. சால்டர் வைத்தால் அந்தக் காவல் போய்விடும். நாளை இருக்கையைக் கழற்றும் மெக்கானிக் கம்பியை வெட்டும்போது அவருக்குக் காவல் எதுவும் இல்லை. அதோடு, சுழலும் இருக்கைக்கு அடியில் கம்பி அசைந்துகொண்டே இருக்கும், சால்டர் வைத்த இடம் விறைத்து அதன் விளிம்பிலேயே முறியும். வெறும் சுத்தம் செய்தல் சில காலம் தாங்கும். பழுதுக்கென்றே வரும் கனெக்டரும் புதிய முனைகளும் போட்டு, கம்பிக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, சுழல் தட்டின் விளிம்பில் படாமல் கட்டிவைப்பதே நிலைத்து நிற்கும் வேலை. விலை வித்தியாசம் பெரிதல்ல. அந்தத் தளர்வைக் கேட்டு வாங்குங்கள். இருக்கையை முழுச் சுற்று சுழற்றிக் காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

சுருள் கேபிள் என்றால் புதியதே போட வேண்டும். உடைப்பு நிலையத்திலிருந்து எடுத்த பழையது எத்தனை முறை சுழன்றது என்று யாருக்கும் தெரியாது. பழைய ஏர்பேக்கும் அப்படித்தான். நீரில் மூழ்கிய வண்டியிலிருந்து வந்ததா, திரும்பப் பெறும் அறிவிப்பில் சிக்கியதா என்று வெளித்தோற்றத்தில் தெரியாது. ஏர்பேக் தயாரித்த டகாட்டா நிறுவனத்தின் அம்மோனியம் நைட்ரேட் நிரப்பிய ஊதுகருவிகள் அமெரிக்காவில் மட்டும் 6 கோடியே 70 லட்சம் அளவில் திரும்பப் பெறப்பட்டவை. வெப்பமும் ஈரமும் பட்டு ஆண்டுகள் கழிந்தபின் அவை சிதறி உலோகத் துண்டுகளை வீசின. கணினி மட்டும் இதிலிருந்து மாறுபடும். உங்கள் கணினியையே கழற்றி, அதைத் திறந்து பழுதுபார்க்கும் நிபுணர்களுக்குத் தபாலில் அனுப்பித் திரும்பப் பெறலாம். அமைப்புத் தகவல் அப்படியே இருப்பதால் ப்ராக்ஸி வேலையும் பெரும்பாலும் மிச்சம். ஆனால் கணினிதான் குற்றவாளி என்று குறியீடு சொன்ன பிறகே அந்தப் பக்கம் போக வேண்டும்.

இணையத்தில் ஒரு சின்ன மின்தடையை விற்கிறார்கள். தீமூட்டிக்குப் பதிலாக அதைச் செருகினால் கணினி 2 ஓம் இருக்கிறது என்று நம்பி விளக்கை அணைத்துவிடும். கோளாறு தேடும்போது தொழில்நுட்பர் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உத்தி அது. அதை நிரந்தரமாக விட்டுவிட்டு வண்டியை விற்பவர்களைப் பற்றி எனக்குக் கோபம் வருகிறது. வாங்கியவர் தன் பிள்ளையை முன்னிருக்கையில் உட்காரவைத்து, விளக்கு அணைந்திருக்கிறது, எல்லாம் சரி என்று நம்பி ஓட்டுவார். இதைச் செய்து தருவதாகச் சொல்லும் கராஜிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

கை வைக்க வேண்டாம் என்றேனே, அதற்கு வருகிறேன். ஏர்பேக் விரிய எடுக்கும் நேரம் விநாடியில் நூறில் சில பங்கு, கையை இழுத்துக்கொள்ள அவகாசமே கிடையாது. மல்டிமீட்டரால் தீமூட்டியின் தடையை அளக்கவே கூடாது, மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கக் கூடும். கனெக்டரைத் தொடுமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, கணினியின் மின்தேக்கிகள் வடியும்வரை, பட்டறைக் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். மோட்டார்ஹோமில் இங்கேதான் ஒரு கண்ணி. கூரையில் சோலார் தகடு இருக்கும். அதன் கட்டுப்பாட்டுக் கருவி வாழும் பகுதிப் பேட்டரியோடு நிற்காமல் வண்டியின் பேட்டரிக்கும் மின்சாரம் தரும்படி பல வண்டிகளில் இணைத்திருப்பார்கள். மின்னிணைப்பில் செருகியிருக்கும் சார்ஜரும் அப்படியே. பேட்டரியின் எதிர்முனையை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்தால், பகல் வெளிச்சத்தில் சோலார் வண்டியின் சுற்றுக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருக்கலாம். கார்களில் மட்டும் பழகிய மெக்கானிக்குக்கு இது தோன்றாமல் போகலாம். வருபவர் யாராக இருந்தாலும், “சோலாரும் சார்ஜரும் எங்கே துண்டிப்பது என்று காட்டுகிறேன்” என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். உங்கள் வண்டியை அவரைவிட நீங்கள்தான் அறிவீர்கள்.

ஆகவே என் வரிசை இது. குளிர்கால நிறுத்தத்துக்குப் பிறகு வந்த விளக்கு என்றால் பேட்டரியைச் சரிசெய்து, குறியீட்டை அழிக்கச் சொல்லிப் பாருங்கள், அதிலேயே முடிந்துவிட வாய்ப்பு நிறைய. உத்தரவாதம் உண்டென்றால் வணிக வாகன விற்பனையகம். உத்தரவாதம் முடிந்த டுகாட்டோவுக்கு வீட்டுக்கு வரும் மின் தொழில்நுட்பர். அவர் கணினி என்று சொன்னால் மட்டும் நிபுணரோ விற்பனையகமோ. சொந்த மென்பொருள், கருவிகளில் ஆர்வமும் பழைய வண்டியும் உள்ளவர்களுக்கு, படிப்பதற்கு மட்டும். விளக்கு எரியும் பழைய மோட்டார்ஹோமை வாங்கப் போகிறவர், விற்பவர் சொல்லும் “சின்னக் கனெக்டர்தான்” என்பதை விலைக் குறைப்பாக ஏற்றுக்கொள்ளாமல், அவர் செலவிலேயே சரிசெய்து தரக் கேட்க வேண்டும். சின்னக் கனெக்டர் என்றால் அவரே செய்திருப்பாரே.

வண்டியைத் திரும்பப் பெறும்போது பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த குறியீட்டு அறிக்கைகள் இரண்டையும் அச்சில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி விளக்கு வந்தால் தேடல் அங்கிருந்து தொடங்கும். பிறகு நீங்களே சாவியைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். விளக்கின் இணைப்பையே யாரோ துண்டித்திருக்கலாம்.